முயலுக்கு எத்தனை கால்?

“வெறும் பேச்சு எதுக்கும்மா? ஞாயித்துக்கிழமை நேர்லயே வரேன். கையில வாங்கிப் பாத்தா போதும், அசலா போலியான்னு அந்தப் பையே எங்கிட்டப் பேசிடும்.”

மனைவியின் அண்ணன் குரல் கைப்பேசியின் ஒலிபெருக்கி வழியாக வீடெங்கும் முழங்கியபோது, பின்னறையில் பல்செட்டுக்காரர் யாரோ ஒருவரின் மேல்தாடைக்கு முன்பல் பதித்துக்கொண்டிருந்தார். அந்த முழக்கத்தில் பல் கோணிக்கொண்டது.

“தாராளமா வாண்ணா! எங்க வீட்டுக்காரர் எனக்குப் போலி வாங்கித் தருவாரா?” என்று கூடத்தில் மனைவி சிரித்தாள்.

வாங்கித் தந்திருந்தார். அதுதான் விஷயம்.

ஓடும் முயலைச் சின்னமாக வைத்திருக்கும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் கைப்பை வேண்டுமென்று மனைவி கேட்டது கல்யாண நாளுக்கு. அதன் அசல் விலைக்கு ஒரு தெருவில் இருக்கும் பொக்கை வாய்களை எல்லாம் சிரிக்க வைத்துவிடலாம். பல்செட்டுக்காரர் இணையத்தில் தேடினார். ‘ஃபர்ஸ்ட் காப்பி. அசலே வெட்கப்படும்’ என்று ஒரு தளம் கூப்பிட்டது. திருடன் தன் தொழிலை இவ்வளவு நேர்மையாகச் சொல்லிக்கொள்ளும் இடம் இணையம் ஒன்றுதான். வாங்கினார். ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்ற சீட்டை மட்டும் பெட்டியிலிருந்து கிழித்தெறிந்துவிட்டு மனைவியிடம் நீட்டினார்.

“அசல். கண்ணை மூடிக்கிட்டு வாங்கிட்டேன்.”

அதில் இரண்டாவது வாக்கியம் உண்மை.

பொய்ப்பல்லை நிஜப்பல் என்று ஊரை நம்பவைப்பதே பிழைப்பாக இருப்பவருக்கு, ஒரு பையை நம்பவைப்பது பெரிய காரியமாகத் தோன்றவில்லை. மனைவியும் நம்பினாள். அவளுக்குக் கண் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை. பையை மேசைமேல், முயலின் முகம் எல்லோர் பக்கமும் இருக்கும்படி வைத்தாள். கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு எதிரில் இருப்பது ஆணா பெண்ணா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தவர்கள்கூட அந்த முயலைப் பார்க்காமல் தப்ப முடியவில்லை.

அத்தோடு நின்றிருக்கலாம். அண்ணனுக்கும் சொல்லிவிட்டாள். சொல்லாமல் எப்படி இருப்பாள்? “பொய்ப்பல் கட்டறவனுக்குப் போய்ப் பொண்ணைக் குடுத்தோமே” என்று கல்யாணமான நாளிலிருந்து அங்கலாய்த்துக்கொண்டிருக்கும் அண்ணன் அவர். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வாயை அடைக்க அவளுக்கு ஒரு பை கிடைத்திருந்தது.

அண்ணனுக்குப் பகலில் குளியலறைத் தரைக்கு ஓடு விற்கும் கடையில் மேலாளர் வேலை. சாயங்காலமானால் நிபுணர் அவதாரம். இணையத்தில் விற்கும் உயர்ரகக் கைப்பைகளில் அசல் எது, போலி எது என்று கண்டுபிடிப்பது எப்படி என வீடியோ போடுவார். கழுத்தில் கயிறு கட்டி ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்பது அவர் வீட்டம்மாவுக்குத்தான் தெரியும். குடும்பத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்றே பெயர், முதுகுக்குப் பின்னால்.

அன்றே பல்செட்டுக்காரர் வேலையைப் போட்டுவிட்டு மச்சானின் வீடியோக்களைப் பார்க்க உட்கார்ந்தார். எதிரியின் ஆயுதத்தைத் தெரிந்துகொண்டால் பாதி வெற்றி என்று எண்ணம்.

“தையலைப் பாருங்க மக்களே! அசல்ல ஒவ்வொரு தையலும் ஒரே சீரா, அணிவகுப்பு மாதிரி நிக்கும்” என்றது பூதக்கண்ணாடி. “முகர்ந்து பாருங்க, தோல் வாசனை வரணும். ரப்பர் செருப்பு வாசனை வந்தா போட்டு மிதிங்க! முக்கியமா, பூட்டுல இருக்கற முயலைப் பாருங்க. ஓடற முயலுக்கு மூணு கால்தான் வெளியே தெரியணும். நாலு காலும் தெரிஞ்சா அது போலி. ஏமாறாதீங்க, ஏமாந்தவங்க எனக்கு எழுதுங்க.”

கீழே ஆயிரக்கணக்கானவர்கள் முயலின் காலை எண்ணிக்கொண்டிருந்தார்கள். பைக்குள் என்ன வைப்பது என்பது பற்றி மட்டும் ஒருவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

பல்செட்டுக்காரர் மனைவியின் பையை எடுத்துப் பார்த்தார். முயலுக்கு நாலு கால். நாலும் கொழுகொழுவென்று இருந்தன.

“தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவனைப் பற்றிப் பழமொழி இருக்கிறது. அதைச் சாதிக்கத் தேவையில்லை, அறுத்துவிடலாமே” என்று நினைத்துக்கொண்டார். பல்லை ராவும் சிறு சக்கரத்தைச் சுழலவிட்டு, முயலின் பின்னங்கால் ஒன்றை அழகாகச் சீவி எறிந்தார். மெருகும் போட்டார். தொழிலில் கெட்டிக்காரர்; அறுத்த தடமே தெரியவில்லை.

அந்தக் கால்தான் பூட்டின் கொக்கி என்பது மறுநாள் தெரிந்தது.

“ஏங்க, பை வாயை மூடவே மாட்டேங்குது! பஸ் திரும்பினப்போ சாப்பாட்டு டப்பா உருண்டு டிரைவர் காலடிக்குப் போயிடுச்சு. ஊரே சிரிக்குது.”

“அசல்னா அப்படித்தான். கொஞ்சம் இளக்கமா இருக்கும்.”

“வாயை மூடாததா அசல்? அப்படின்னா எங்க அண்ணன்தான் இந்த ஊர்லயே அசல்” என்றாள் மனைவி.

இந்தச் சிரிப்பில் அவரால் கலந்துகொள்ள முடியவில்லை. அன்று மாலையே பையைப் பின்னறைக்குக் கொண்டுபோனார். அறுத்த கொக்கிக்குப் பதிலாக, செயற்கை ஈறு செய்யும் இளஞ்சிவப்புப் பசையைக் குழைத்துப் பூட்டுக்குள் ஒரு புதுக் கொக்கி வார்த்தார். காலையில் இறுகிவிடும், அதுவரை திறந்தே இருக்கட்டும் என்று பையை மேசையில் வைத்தார். இருக்கட்டும் என்று தனக்குத்தான் சொல்லிக்கொண்டார். மனைவியிடம் சொல்லவில்லை.

காலையில் அவள் அவசரமாக வந்தாள். கைப்பேசியையும் வீட்டுச் சாவியையும் பையில் போட்டாள். அழுத்தி மூடினாள். ‘டக்’ என்று பிரமாதமான சத்தம்.

“சரி பண்ணிட்டீங்களே! இப்பதான் அசல் மாதிரி இருக்கு” என்று சந்தோஷமாகக் கிளம்பிப் போனாள்.

அதன்பிறகு அந்தப் பை திறக்கவில்லை. அரைகுறையாக இறுகியிருந்த பசை அழுத்தத்தில் பிதுங்கி, பூட்டு முழுக்கப் பரவி, ஒரு மனிதன் ஆயுள் முழுக்க மெல்லக்கூடிய உறுதியோடு இறுகிவிட்டது. மருத்துவமனையில் பைக்குள்ளிருந்து கைப்பேசி அடிக்க ஆரம்பித்தது. நின்றது. மறுபடி அடித்தது. தலைமை மருத்துவர் வெளியே வந்து, “அதை எடுத்துப் பேசுங்களேன்மா, இல்லன்னா அணைச்சிடுங்க” என்றார்.

“ரெண்டுமே முடியாது டாக்டர். அசல் பை.”

மத்தியானமே அரை நாள் லீவு போட்டுவிட்டு வீடு திரும்பினாள். வாசலில் நின்று கதவைத் தட்டினாள். சாவியும் பைக்குள் அல்லவா இருந்தது. கதவைத் திறந்த கணவன் முன்னால் பை இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

“அண்ணனாத்தான் இருக்கும். ஏதாவது பண்ணுங்க!”

பல்செட்டுக்காரர் பையை வாங்கிக்கொண்டு பின்னறைக் கதவைச் சாத்தினார்.

“நானும் பாக்கறேனே!”

“வேண்டாம். பல் புடுங்கறப்போ சொந்தக்காரங்க பக்கத்துல நிக்கக் கூடாது.”

துளைப்பானை எடுத்துப் பூட்டில் வைத்தார். அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி மறுபடி அலற, பை அதிர, துளைப்பான் வழுக்கி முயலின் வயிற்றிலிருந்து பையின் அடிவரை ஒரே கிழி. கிழிசலுக்குள்ளே, தோலுக்கு விறைப்பு கொடுப்பதற்காக வைத்துத் தைத்திருந்த அட்டை எட்டிப் பார்த்தது. ‘கறை போச்சு, கவலை போச்சு’ என்று அதில் எழுதியிருந்தது. சலவைத்தூள் டப்பாவின் அட்டை.

அசலே வெட்கப்படும் என்று சொன்னார்கள். இவருக்குத்தான் வெட்கமாக இருந்தது. கைப்பேசியையும் சாவியையும் எடுத்து வந்து மனைவியிடம் கொடுத்தார்.

“பை எங்க?”

“சர்வீஸுக்கு அனுப்பறேன். அசல் பைக்குக் கம்பெனியே சர்வீஸ் பண்ணித் தரும்.”

“பைக்கு சர்வீஸா?” என்று அவள் கண் விரிந்தது. விரிந்த கண் மூடுவதற்குள் அண்ணனுக்கு அழைத்துவிட்டாள். “அண்ணா, நீ வரியே, பை இப்ப சர்வீஸுக்குப் போகுது. போலிக்கு சர்வீஸ் பண்ணுவாங்களா? சொல்லு!”

“மாப்ளகிட்டக் குடு” என்றது மறுமுனையில் குரல்.

“சொல்லுங்க மச்சான்.”

“அந்தக் கம்பெனிக்கு நம்ம பக்கம் சர்வீஸே கிடையாதே மாப்ள?”

“நம்ம பக்கம் கிடையாது. தலைமை ஆபீஸுக்கு அனுப்பறாங்க.”

“அப்ப ஞாயித்துக்கிழமைக்குள்ள வராதே?”

‘வராது’ என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் இருந்த பெருமைக்கு அவர் பழகியவர் இல்லை.

“வந்துடும் மச்சான். அசலாச்சே!”

வேறு வழியில்லை. இனி உண்மையிலேயே அசல் பை ஒன்று வாங்கியாக வேண்டும். முயல் கம்பெனியின் கடைக்குப் போனார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே கோட்டு போட்ட காவலாளி அவர் செருப்பைப் பார்த்தார். உள்ளே விற்பனைப் பெண் அவர் சட்டையில் ஒட்டியிருந்த பல் அச்சு வார்க்கும் பிளாஸ்டர் பொடியைப் பார்த்தாள். பையை மட்டும் யாரும் காட்டவில்லை.

“அந்தப் பை உடனே தர மாட்டோம் சார். முதல்ல எங்ககிட்ட வேற பொருள் எல்லாம் வாங்கியிருக்கணும். அப்பதான் பை வாங்கத் தகுதி வரும்.”

“காசு குடுத்து வாங்கறதுக்குத் தகுதியா?”

“ஆமா சார். சாவிக்கொத்துல இருந்து ஆரம்பிக்கலாம்.”

சாவிக்கொத்தின் விலையைக் கேட்டார். அந்த விலைக்கு வீட்டுக் கதவையே மாற்றலாம். வெளியே வந்துவிட்டார்.

பாக்கி இருந்தது இணையம். உபயோகித்த பைகளை ஆட்கள் நேரடியாக விற்கும் ஒரு தளத்தில் ‘செவ்வந்தி’ என்ற புனைபெயரில் ஒருவர் முயல் பை போட்டிருந்தார். அதே மாடல், அதே நிறம். பல்செட்டுக்காரர் ‘வெண்பல்’ என்ற பெயரில் உள்ளே நுழைந்தார். இந்த முறை ஏமாறக் கூடாது. மச்சானின் வீடியோவைப் பக்கத்தில் ஓடவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். தையலின் படம் வேண்டும். வந்தது, அணிவகுப்பு. முயலின் படம் வேண்டும். வந்தது, மூன்று கால். பற்களை இழுத்து மூடும் உள்ளறை ஜிப்பின் படம், அடிப்பக்கத்தின் படம், கைப்பிடி வளைவின் படம்.

‘நீங்க பை வாங்கறீங்களா, பொண்ணு பாக்க வந்திருக்கீங்களா?’ என்று செவ்வந்தி எழுதினாள்.

‘தப்பா நினைக்காதீங்க. அசல்தானே?’

‘அசல்னுதான் எனக்குக் குடுத்தாங்க.’

‘அப்புறம் ஏன் விக்கறீங்க?’

‘தொட்டா துடைன்னு சொல்றாங்க, துடைச்சா தேயும்னு சொல்றாங்க. ஒரு பைக்கு இவ்வளவு சேவகம் பண்ண என்னால முடியாது.’

பணத்துக்கு மோட்டார் சைக்கிளை விற்றார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அவரைச் சுமந்த வண்டி. வாங்கியவன் அதை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனபோது தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தார்.

“வண்டி எங்க?” என்றாள் மனைவி.

“சர்வீஸுக்கு விட்டிருக்கேன்.”

“அதுவுமா? நம்ம வீட்ல சர்வீஸுக்குப் போகாதது நான் மட்டும்தான் போல.”

விற்பவர், வாங்குபவர் விலாசத்தை ஒருவருக்கொருவர் காட்டாத அந்தத் தளத்தின் கூரியரில் சனிக்கிழமை பை வந்தது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு முகர்ந்தார், தோல் வாசனை. தையலைத் தடவினார்; சீர். முயலின் காலை எண்ணினார், திரும்பவும் எண்ணினார். மூன்றுக்கு மேல் ஏறவில்லை. நெஞ்சு நிமிர்ந்தது. மனிதர் முதல்முறையாக மனைவிக்கு நிஜமான பொருள் ஒன்று கொடுக்கப்போகிறார். அதையும் பழைய பொய்க்குள் சுருட்டித்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

“இந்தா, சர்வீஸ் முடிஞ்சு வந்துடுச்சு.”

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “சர்வீஸுக்குப் போனா புதுசாகும். இது பழசாயி வந்திருக்கே?”

“அசல்னா அப்படித்தான்.”

ஞாயிற்றுக்கிழமை பூதக்கண்ணாடி வந்தார். வெள்ளைக் கையுறை, சட்டைப்பையில் சிறு விளக்கு, கழுத்தில் கண்ணாடி. பின்னாலேயே அவர் மனைவி, வீட்டுக்காரர் பேசும்போது பேச இடம் கிடைக்காமல் பேசாமலே பழகிப்போனவர். “அண்ணி, நீங்க உள்ள வாங்க, டீ போடலாம்” என்று பல்செட்டுக்காரரின் மனைவி அவரைச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள். டீயை அடுப்பில் வைத்துவிட்டு, அண்ணன் தீர்ப்புச் சொல்வதைத் தவறவிடக் கூடாதென்று அவள் மட்டும் கூடத்துக்கு ஓடிவந்தாள்.

பை மேசைமேல் இருந்தது. பூதக்கண்ணாடி அதைத் தொடுவதற்கு முன்பே உதட்டைப் பிதுக்கினார்.

“முதல்ல தையல். ம்ம்… ரொம்பச் சீரா இருக்கே!”

“சீரா இருந்தா அசல்தானே மச்சான்? உங்க வீடியோவுல சொன்னீங்களே.”

“சொன்னேன். போலி பண்றவனும் அதைப் பாப்பான்ல? நான் சொன்னதைக் கேட்டுத்தான் இப்ப சீரா தைக்கறான்.”

பல்செட்டுக்காரர் பையை மச்சானின் மூக்குப் பக்கம் தள்ளினார். “தோல் வாசனை வருதே?”

“தேவைக்கு மேல வருது.”

“முயலுக்கு மூணு கால்!”

“அங்கதான் மாட்டிக்கிட்டான்!” என்று பூதக்கண்ணாடி மேசையைத் தட்டினார். “எண்ணிப் பாத்து யாரும் குத்தம் சொல்லிடக் கூடாதுன்னு வேணும்னே மூணு கால் வெச்சிருக்கான். அசல் கம்பெனிக்காரனுக்கு அந்த பயம் இருக்குமா? சுத்தப் போலிம்மா இது. உன் புருஷன் உன்னை நல்லா ஏமாத்தியிருக்கான்.”

மனைவி கணவனைப் பார்த்தாள். கோபமாக இருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் முகம் சும்மா விழுந்துபோனது, அவ்வளவுதான்.

“ஏங்க, அண்ணன் சொல்றது நிஜமா?”

அந்தக் கேள்வியில் பல்செட்டுக்காரருக்குள் என்னவோ கழன்றுகொண்டது.

“இல்லடி! இது அசல்! முதல்ல வாங்கித் தந்தேன் பாரு, அதுதான் போலி. உள்ள சலவைத்தூள் அட்டை! சர்வீஸும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. அதைக் கிழிச்சுட்டு, வண்டியை வித்து இதை வாங்கினேன்!”

சமையலறையில் டீ பொங்கி அடுப்பில் வழியும் சத்தம் கேட்டது.

“வண்டியை வித்தீங்களா?” என்றாள் மனைவி மெதுவாக.

“ஆமா.”

“இந்தப் பைக்காகவா?”

“உனக்காக.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பூதக்கண்ணாடி விடவில்லை. இரண்டு பொய்யையும் ஒப்புக்கொண்ட குற்றவாளி எதிரில் நிற்கும்போது எந்த நீதிபதிதான் வாயை மூடுவார்?

“பாத்தியா, அவன் வாயாலயே வருது! போலியைக் குடுத்து அசல்னான். இப்ப இன்னொரு போலியைக் குடுத்து இதுதான் அசல்ங்கறான். பொய்ப்பல் கட்டற புத்தி வேற எப்படி இருக்கும்? எந்தப் பித்தலாட்டக்காரன் உன் தலையில கட்டினான் மாப்ள?”

“இணையத்துல ஒருத்தங்க. செவ்வந்தின்னு பேரு.”

அப்போது அண்ணி டீத் தட்டோடு வந்தார். தட்டை மேசைமேல் வைக்கக் குனிந்தவர், பையைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. அவரை யாரும் கவனிப்பது வழக்கமில்லை.

பூதக்கண்ணாடி பையின் உட்புறத்தை வெளியே திருப்பி விளக்கை அடித்தார். “இங்க பாரு, துணியில சிவப்பா ஒரு சொட்டு! பட்டறையில சாயம் தெறிச்சிருக்கு. துடைக்கக்கூட இல்ல. இதைவிட வேற சாட்சி வேணுமா? நான் கடைசியா ஒண்ணு சொல்றேன். இந்தக் குப்பையை அசல்னு சொல்லி ஒருத்தன் தன் பொண்டாட்டிக்கே குடுத்தான்னா, அவனைவிடக் கேவலமானவன் உலகத்துல கிடையாது!”

அண்ணி தட்டை வைத்தார். ஒரு கோப்பையை நகர்த்தி இடம் பண்ணிக்கொண்டார். பிறகு அந்த வீட்டில் யாருமே அதுவரை கேட்டிராத தெளிவான குரலில் சொன்னார்:

“அது பட்டறைச் சாயம் இல்லைங்க, என் நகப்பூச்சு, நம்ம கல்யாண நாளுக்கு அசல்னு சத்தியம் பண்ணி நீங்க எனக்குக் குடுத்த பையைத்தான், ஆள் தெரியாம உங்க மாப்ளைக்கே வித்துட்டேன்.”